டீ பாக்கெட்டும் இ-பாஸும்: பார்கோடு உண்மையில என்ன சொல்லுது?

இந்த வாரம் நாம ஊட்டி பக்கம் போறோம். ஆனா பேசப் போறது பூங்கா பத்தியோ படகு பத்தியோ இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறி, குன்னூர்ல ஒரு டீ பாக்கெட் வாங்கிட்டு இறங்கறதுக்குள்ள உங்க கண்ணுல படற கறுப்பு வெள்ளைக் கோடுகள் பத்தி. இ-பாஸ்ல ஒரு க்யூஆர் கோடு, பாக்கெட் பின்னாடி ஒரு பார்கோடு, சில கடையில எடை போட்டு ஒட்டித் தர்ற லேபிள்ல இன்னொண்ணு. இதெல்லாம் எப்படி வேலை செய்யுது? அதைவிட முக்கியமா, இதுங்க எதைச் சொல்லுது, எதைச் சொல்லவே சொல்லாது?

பாக்கெட் பின்னாடி 13 எண்கள்

முதல்ல டீ பாக்கெட். கோடுகளுக்குக் கீழே 13 எண் இருக்கும். அந்தக் கோடுகள் இந்த எண்ணை மெஷினுக்குப் புரியற மாதிரி எழுதினது, அவ்வளவுதான். பார்கோடு மொத்தமும் 95 மெல்லிய பட்டைகளாப் பிரிச்சது. ஒவ்வொரு எண்ணுக்கும் 7 பட்டை. அதுல எது கறுப்பு, எது வெள்ளைங்கறதை வச்சு எண்ணைக் கண்டுபிடிக்கணும். ரெண்டு ஓரத்துலயும் நடுவுலயும் கொஞ்சம் நீளமா இருக்கற கோடுகள் ஆரம்பம், நடு, முடிவுன்னு காட்டுது. ஆனா 7 பட்டை வீதம் 12 எண்ணுக்குத்தான் இடம் இருக்கு. அப்ப 13-ஆவது? முதல் எண்ணுக்குத் தனியா கோடே கிடையாது. இடது பக்கம் இருக்கற ஆறு எண்களை எந்த முறையில எழுதியிருக்காங்கங்கறதுலயே அது ஒளிஞ்சிருக்கு.

கடைசி எண் ஒரு காவல்காரர். உதாரணத்துக்கு 890123456789-ன்னு ஒரு கற்பனை எண்ணை எடுத்துக்கோங்க. 1, 3, 5-ன்னு ஒற்றைப்படை இடத்துல இருக்கறதைக் கூட்டினா 28. இரட்டைப்படை இடத்துல இருக்கறதைக் கூட்டினா 34, அதை மூணால பெருக்கினா 102. மொத்தம் 130. இதை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு சேர்க்கணும்? ஏற்கெனவே பத்தின் மடங்குதான், அதனால கடைசி எண் 0. ஸ்கேனர் நடுவுல இருக்கற 6-ஐ 5-ன்னு தப்பாப் படிச்சா கூட்டல் 129 ஆயிடும், கணக்கு உதைக்கும். பீப் சத்தம் வராது. இப்பவே கையில இருக்கற ஒரு பாக்கெட்டை எடுத்துப் போட்டுப் பாருங்க.

விலை எங்க இருக்கு? கோடுல இல்லை. கடைக் கம்ப்யூட்டர்ல இருக்கு. கோடு வெறும் முகவரி. 1974 ஜூன் 26 அன்னிக்கு அமெரிக்காவுல ஓஹியோ மாநிலத்துல டிராய்ங்கற ஊர்ல ஒரு சூயிங்கம் பாக்கெட்டை முதல்முறையா ஸ்கேன் பண்ணி வித்தாங்க. அப்பலேர்ந்து அடிப்படை இதுதான்.

சிவப்பு ஒளிக்கு சிவப்பு தெரியாது

கடையில இருக்கற லேசர் ஸ்கேனர் ஒரு சிவப்பு ஒளிப்புள்ளியை ஆடற கண்ணாடி வழியா வேகமா இடமும் வலமும் ஓட விடும். வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிடும். திரும்பி வர்ற ஒளியோட ஏற்ற இறக்கத்தை ஒரு சென்சார் அளக்குது. அதனால சிவப்பு மையில பார்கோடு அச்சடிச்சா நம்ம கண்ணுக்கு அழகா இருக்கும், ஸ்கேனருக்கு வெள்ளைத்தாளாத் தெரியும். இதே காரணத்தால லேசர் ஸ்கேனருக்கு போன் திரையும் ஆகாது. திரை தானா ஒளிருது, காகிதம் மாதிரி ஒளியைச் சிதறடிச்சுத் திருப்பாது. போன்ல இருக்கறதைப் படிக்க கேமரா வகை ஸ்கேனர் வேணும்.

890-ன்னா இந்தியாவா?

இங்கதான் ஒரு பெரிய தவறான நம்பிக்கை. 890-ல ஆரம்பிச்சா இந்தியாவுல தயாரிச்சதுன்னு வாட்ஸ்அப்ல வருதே? அந்த மூணு எண்ணும் சொல்றது, அந்த நிறுவனம் ஜிஎஸ்1 இந்தியா அமைப்புகிட்ட எண் வாங்கியிருக்குங்கறதை மட்டும்தான். பொருள் எங்க விளைஞ்சது, எங்க தயாரானதுன்னு அதுல கிடையாது. உள்ள இருக்கற தூள் நீலகிரியா, வேற ஊரா, ரெண்டும் கலந்ததான்னு கோடுக்குத் தெரியாது.

நீலகிரியில இது சின்ன விஷயம் இல்லை. இங்க தேயிலை பெரிய எஸ்டேட்டுகள்ல மட்டும் இல்லை, ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகளோட நிலத்துலயும் விளையுது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகற விலை வேணும்னு 2023-ல அவங்க போராட்டமே நடத்தினாங்க. நீலகிரிங்கற பேருக்கு நீங்க தர்ற காசு அந்த மலைக்குப் போகணும்னா, பார்க்க வேண்டியது 890-ஐ இல்லை. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடு இருக்கு, தேயிலை வாரியத்தோட நீலகிரி முத்திரையும் இருக்கு. அதைத் தேடுங்க. தயாரிப்பாளர் முகவரியையும் படிங்க.

செக்போஸ்ட்ல ஒரு சதுரம்

அடுத்தது இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர்ற வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயமாச்சு. 2025 கோடை சீசன்ல நீலகிரிக்கு வார நாள்ல 6,000, வார இறுதியில 8,000 வண்டின்னு உச்சவரம்பும் வந்துச்சு. அந்த எண்ணிக்கையைக் காப்பாத்தற சின்னக் கதவுதான் இந்த க்யூஆர்.

1994-ல ஜப்பான்ல டென்சோ நிறுவனத்துல மசாஹிரோ ஹாராவோட குழு, கார் உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கினது இது. மூணு மூலையில பெரிய சதுரம் இருக்கே, அதோட நடு வழியா எந்தப் பக்கமிருந்து கோடு போட்டாலும் கறுப்பு வெள்ளை அகலம் 1:1:3:1:1-ன்னு வரும். அதனால போனைத் தலைகீழாக் காட்டினாலும் கேமரா பிடிச்சிடும். கூடவே ரீட்-சாலமன்ங்கற கணித முறையில கொஞ்சம் உபரித் தகவலும் சேர்த்து வச்சிருக்கும். எந்த நிலையைத் தேர்ந்தெடுத்தாங்கங்கறதைப் பொறுத்து 7 முதல் 30 சதவீதம் வரை சேதமானாலும் படிக்கலாம். திரையில விரிசல், மேல மழைத்துளி, பரவாயில்லை. ஆனா ஸ்கிரீன்ஷாட் எடுக்கறப்ப சுத்தி இருக்கற வெள்ளை ஓரத்தை வெட்டிடாதீங்க. கோடு எங்க ஆரம்பிக்குதுன்னு கேமராவுக்குக் காட்டறதே அந்த வெற்றிடம்தான்.

சரி, ஒருத்தர் பாஸை இன்னொருத்தர் காப்பி அடிச்சா? படத்தை யார் வேணும்னாலும் காப்பி அடிக்கலாம். க்யூஆர் பூட்டு இல்லை. பாஸ் வண்டி நம்பருக்குத்தான் தர்றாங்க. பதிவுல இருக்கற நம்பரும் எதிர்ல நிக்கற வண்டியோட நம்பரும் ஒண்ணான்னு ஒரு மனுஷர் பார்த்தாதான் அந்த உச்சவரம்புக்கு அர்த்தம்.

அச்சடிக்கறது எப்படி?

கடை லேபிள்ல பெரும்பாலும் மையே கிடையாது. தெர்மல் பிரிண்டர் சூட்டுல வேலை செய்யும், சூடுபட்ட இடத்துல தாளோட ரசாயனப் பூச்சு கறுப்பாகும். அதனாலதான் கார் டேஷ்போர்டு வெயில்ல விட்ட பில் மங்கிப் போகுது. நாள்பட்டு நிக்கணும்னா மெழுகு இல்லாட்டி பிசின் பூசின ரிப்பனைச் சூடாக்கி ஒட்டற தெர்மல் டிரான்ஸ்ஃபர் நல்லது. ஈரமும் பனியும் இருக்கற மலை ஊருக்கு இதுதான் தாங்கும்.

இன்னொரு சிக்கல். சாதாரண லேபிள் பிரிண்டர் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வைக்கும். பார்கோடோட வழக்கமான மெல்லிய பட்டை 0.33 மில்லிமீட்டர். அதாவது 2.64 புள்ளி. அரைப் புள்ளி வைக்க முடியாதே! அதனால பட்டைக்கு 3 புள்ளின்னு முழுசா வச்சு, கோடைக் கொஞ்சம் பெருசாக்கணும். படத்தை இஷ்டத்துக்கு இழுத்து லேபிள்ல பொருத்தினா சில பட்டை 2, சில பட்டை 3 ஆயிடும், ஸ்கேனர் திணறும். சொந்தமா மசாலா, சோப்புன்னு ஆரம்பிக்கற நண்பர்கள் இதைக் குறிச்சு வச்சுக்கோங்க.

மலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பாஸோட வண்டி நம்பரை ஒரு தடவை சரிபாருங்க, திரை வெளிச்சத்தை ஏத்தி வைங்க. டீ வாங்கறப்ப பாக்கெட்டைத் திருப்பி, கோடுக்குப் பக்கத்துல எழுத்துல என்ன இருக்குன்னு படிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.