பவளத்துக்குள் குடியிருக்கும் பாசிகள்

பவளம் என்றதும் நகைக்கடையில் பார்க்கும் சிவப்பு மணிதான் நம் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது கடலடியில் வளரும் பவளப்பாறைகளைப் பற்றி. கோவையில் வாழும் நமக்குக் கடல் தூரம்தான். ஆயினும் நம் தமிழ்நாட்டிலேயே, தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில், 21 தீவுகளைச் சுற்றி இப்பாறைகள் வளர்ந்திருக்கின்றன.

பவளம் கல்லா, செடியா? இரண்டும் இல்லை. அது ஒரு சிறு பிராணி. கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தனக்கு வீடு கட்டிக்கொள்கிறது. அதன் உடலின் செல்களுக்குள் பழுப்பு நிறமுள்ள நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி சூரிய ஒளியில் உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குத் தருகிறது. பவளம் பாசிக்கு இருப்பிடமும், கரியமில வாயுவும், தன் கழிவிலுள்ள நைட்ரஜன் சத்தும் தருகிறது. நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். அவற்றில் வாழும் பாக்டீரியாவும் செடியும் கொண்டுள்ள உறவு போன்றதே இது.

கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடை அளவைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரங்கள் நீடித்தாலே இந்த உறவு முறிகிறது. பவளம் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நிறம் தந்தவை போனதும் உள்ளிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. வெப்பம் விரைவில் தணியாவிட்டால் பவளம் பட்டினியால் மடியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் இவ்வாறு வெளுத்தன.

ஆனால் ஒரே கடலில் ஒரு பவளம் வெளுக்க, அடுத்தது வெளுக்காமல் நிற்பதும் உண்டு. ஏன்? பவளத்தின் இனம் ஒரு காரணம். உள்ளிருக்கும் பாசியின் இனம் மற்றொரு காரணம்.

1962ல் பிராய்டென்தால் என்ற விஞ்ஞானி இப்பாசிக்குச் சிம்பயோடினியம் எனப் பெயரிட்டார். மைக்ராஸ்கோப்பில் எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்ததால், எங்கும் ஒரே இனம்தான் என்று பலர் எண்ணினர். 1991ல் ரோவன், பவர்ஸ் என்ற இருவர் ஜீன்களை ஒப்பிட்டபோது, இவை வெவ்வேறு பிரிவுகள் என்பது தெளிவாயிற்று. 2018ல் அப்பிரிவுகள் தனித்தனிப் பேரினங்களாக வகுக்கப்பட்டன. அவற்றில் டூருஸ்டினியம் என்பது வெப்பத்தை நன்கு தாங்கும். ஆஸ்திரேலியாவில் ஒருவகைப் பவளம் இப்பாசியைப் பெற்றபோது, ஏறத்தாழ ஒரு டிகிரி கூடுதல் வெப்பத்தைத் தாங்கியது.

அப்படியானால் எல்லாப் பவளங்களுக்கும் அதுவே போதாதா? போதாது. அது பவளத்துக்குத் தரும் உணவு பெரும்பாலும் குறைவு. அதனால் வளர்ச்சி மந்தமாகும். வறட்சி தாங்கும் சோளமும் வேண்டும், நல்ல மழையில் அதிகம் விளையும் சோளமும் வேண்டும் என்று இரண்டு விதையையும் சேர்த்து வைக்கும் விவசாயியைப் போல, கடலுக்கும் பலவகைப் பாசிகள் வேண்டும். ஒரு வகை அழிந்தால் ஒரு வழி அடைபடுகிறது.

ஆயினும் கடல் சூடாகிக்கொண்டே போனால் எந்தப் பாசியும் முழுமையாகக் காப்பாற்றாது. நம் ஊரில் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும் அக்கடலையும் சூடாக்குகின்றன. தோழியரே, கண்ணுக்குத் தெரியாத பாசியிலும் இறைவன் இத்தனை வகை வைத்திருக்கிறார். அவற்றைக் காப்பது கடலோரத்தாரின் கடமை மட்டுமன்று, நம் கடமையும் ஆகும்.