பாட்காஸ்ட்: கடைக்காரர் குரலுக்கும் ஒரு கடை

பெருங்காயம் வாங்க வரும் பத்துப் பேரில் எத்தனை பேருக்கு, அந்தச் சிறு டப்பாவில் இருப்பது கூட்டுப் பெருங்காயம் என்பது தெரியும்? ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வரும் பிசினோடு கோந்தும் மாவும் சேர்த்தே அது நம் அடுப்படிக்கு வருகிறது. அந்தச் செடியை நம் நாட்டிலேயே பயிரிட்டுப் பார்க்கும் முயற்சியில் இமாசலப் பிரதேசத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் கன்று நடப்பட்டது 2020 அக்டோபரில்தான். இப்படிப்பட்ட செய்திகள் மளிகை வணிகர்களிடம் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. ஆனால் கல்லாவுக்கு முன் ஆறு பேர் நிற்கும்போது எதைச் சொல்வது? பத்து நிமிடத்தில் சரக்கை வீட்டு வாசலில் இறக்கிவிடும் செல்போன் செயலிகளுக்கோ இதையெல்லாம் சொல்லத் தெரியாது. நம் கையில் மிஞ்சியிருக்கும் பலங்களில் இதுவும் ஒன்று. இதை வாடிக்கையாளரின் காதுக்குக் கொண்டுசேர்க்க அதிகச் செலவில்லாத ஒரு வழி பாட்காஸ்ட்.

பாட்காஸ்ட் என்பது வானொலி நிகழ்ச்சி போன்ற ஒலிப்பதிவுதான். வானொலிக்கு நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இதையோ கேட்பவர் தமக்கு வசதியான நேரத்தில், குழம்பு கொதிக்கும்போதோ பஸ்ஸில் போகும்போதோ செல்போனில் கேட்டுக்கொள்கிறார். இந்தச் சொல் 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் வந்தது. 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐட்யூன்ஸில் பாட்காஸ்டுகளுக்கு இடம் கொடுத்த பின் அது பரவலாயிற்று.

'இதனால் வியாபாரம் கூடுமா?' என்பதுதான் நம்மவர்களின் முதல் கேள்வியாக இருக்கும். இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்டுஷயர் மாவட்டக் கிராமம் ஒன்றில் விக்லி விக்லர்ஸ் என்றொரு சிறு நிறுவனம். மண்புழு உரம் தயாரிக்கும் பெட்டி, தோட்டச் சாமான்கள் ஆகியவற்றைத் தபாலில் விற்றவர்கள். 2005லேயே அவர்கள் பாட்காஸ்ட் தொடங்கினார்கள். அதில் அவர்கள் பேசியது பெரும்பாலும் பண்ணை வேலை, தோட்டம், பறவைகள் ஆகியவற்றைப் பற்றித்தான். சரக்கைப் பற்றிய பேச்சு இடையிடையே வந்துபோகும். தோட்டத்தில் ஆர்வமுள்ளவர்கள் தொடர்ந்து கேட்டார்கள். கேட்டவர்களுக்கு மண்புழுப் பெட்டி தேவைப்பட்டபோது யாரிடம் வாங்குவது என்ற யோசனையே எழவில்லை. 2008இல் டெல் நிறுவனம் சிறுதொழில்களுக்காக வழங்கிய உலகளாவிய விருது அவர்களுக்குக் கிடைத்தது. முப்பது நிமிடமும் 'எங்களிடம் வாங்குங்கள்' என்று கூவியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

ஒரு பதிவுக்கு ஒரு கேள்வி

தொடங்குகிறவர்கள் பலர் 'மளிகைப் பொருள்கள்' என்று பெரிய தலைப்பாக வைத்துக்கொண்டு, மூன்றாவது பதிவோடு சொல்ல ஒன்றுமில்லாமல் நின்றுவிடுகிறார்கள். ஒரு பதிவுக்கு ஒரு கேள்வி போதும். அதுவும் வாடிக்கையாளர் கடையில் நின்று உண்மையாகவே கேட்ட கேள்வியாக இருக்கட்டும். 'இந்தப் புளி ஏன் இவ்வளவு கறுப்பு?' என்று ஒருவர் கேட்டால் அதுவே பன்னிரண்டு நிமிடப் பேச்சுக்குப் போதுமானது. புதுப்புளி வரும் மாதங்கள், நாளாக ஆகப் புளி கறுப்பது எதனால், கொட்டை எடுத்ததற்கும் எடுக்காததற்கும் எடையில் வரும் வித்தியாசம், வீட்டில் எப்படி வைத்தால் பூச்சி வராது என்று போய்க்கொண்டே இருக்கலாம். பழைய அரிசி உதிரி உதிரியாக வருவதும் புது அரிசி குழைவதும் ஒரு பதிவு. விரலி மஞ்சள், கிழங்கு மஞ்சள் ஒரு பதிவு; அதில் ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏலக்காயைப் பற்றிப் பேசினால் போடிநாயக்கனூர் ஏலத்தைச் சொல்லாமல் முடியுமா? கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, கேட்ட கேள்விகளைக் குறித்து வாருங்கள். ஒரு மாதத்தில் ஓர் ஆண்டுக்கான சரக்கு சேர்ந்துவிடும்.

முழுவதையும் எழுதி வைத்துப் படிக்காதீர்கள். படிப்பது காதுக்கு உடனே தெரிந்துவிடும். ஐந்தாறு குறிப்புகள் எழுதிக்கொண்டு, எதிரில் ஒருவரை உட்காரவைத்துப் பேசுங்கள். தந்தையும் மகனும், அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வது இன்னும் நல்லது. கடையில் பேசும் தமிழிலேயே பேசலாம். மேடைத் தமிழ் வேண்டாம்.

வாரம் ஒன்று என்று ஆரம்பித்துத் தீபாவளி நெருக்கடியில் நின்றுபோவதைவிட, பதினைந்து நாளுக்கு ஒன்று என்று தொடர்வது நல்லது. முதல் பதிவை வெளியிடுவதற்கு முன்பே நான்கு பதிவுகள் கைவசம் இருக்கட்டும். பண்டிகைக் காலத்தில் இடைவெளி விடுவதானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கடை பூட்டியிருந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவது போலத்தான் இதுவும்.

கிட்டங்கியே ஸ்டூடியோ

ஒலிப்பதிவுக்கு ஸ்டூடியோ வாடகை தர வேண்டியதில்லை. வெறும் சுவர் உள்ள அறையில் குரல் எதிரொலித்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலாகும். அடுக்கி வைத்த சாக்கு மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும். ஆகவே அரிசி மூட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, குளிரூட்டிய வெற்று அறையைவிட மேலானது. ஜவுளிக்கடைக்காரர்களுக்கு இன்னும் யோகம். புடவைக் கட்டுகளைவிட நல்ல திரை வேறில்லை. ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை உடனே அடங்கினால் அந்த இடம் சரி.

மின்விசிறியையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்திவிடுங்கள் (முடிந்ததும் ஃப்ரிட்ஜை மறக்காமல் போட வேண்டும், பால் பாக்கெட்டுகள் உள்ளே இருக்கின்றன). கடை திறக்குமுன் விடியற்காலை நேரம் தெருச் சத்தத்துக்கு ஒத்துவரும். தொடக்கத்தில் செல்போனே போதும். அதை மடித்த துண்டின் மேல் வைத்து, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், விமானப் பயன்முறையில் போட்டுப் பேசலாம். பத்துப் பதிவுகள் கடந்த பின் மைக் வாங்க நினைத்தால் 'டைனமிக்' வகையைக் கேளுங்கள். 'கண்டென்சர்' வகை நுணுக்கமானதுதான், ஆனால் தெருமுனை ஹார்ன் வரை பிடித்துக்கொண்டு வந்துவிடும். டைனமிக் மைக்கை நான்கு விரற்கடை தூரத்தில் வைத்து, நேர் எதிரே பேசாமல் சற்றுப் பக்கவாட்டில் பேசினால் 'பருப்பு', 'பட்டாணி' என்னும்போது 'ப' வெடிக்காது.

பேசத் தொடங்குமுன் பத்து விநாடி சும்மா இருந்து அதையும் பதிவு செய்யுங்கள். அடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அந்த அமைதியை மாதிரியாகக் காட்டித்தான் பின்னணி இரைச்சலைக் குறைக்கிறார்கள். ஒலி அளவை மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ். என்று வைத்தால், ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவு வந்துவிடும். பேச்சுக்கு மோனோ, 64 கிலோபிட் தரம் போதும். 15 நிமிடப் பதிவு ஏறத்தாழ 7 எம்.பி.தான் வரும். அட்டைப்படம் சதுரமாக, 3000க்கு 3000 புள்ளிகள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். செல்போனில் அது தபால் தலை அளவில்தான் தெரியும்.

ஃபீடு யார் பெயரில் இருக்கிறது?

வணிகர்கள் சற்று நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். பாட்காஸ்டின் அச்சாணி ஆர்.எஸ்.எஸ். ஃபீடு எனப்படும் ஒரு பட்டியல் (அரசியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). ஒலிக்கோப்பு எங்கே இருக்கிறது, தலைப்பு என்ன, எந்தத் தேதியில் வெளியானது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆப்பிள், ஸ்பாட்டிஃபை முதலிய செயலிகள் அந்தப் பட்டியலைப் படித்துத்தான் உங்கள் நிகழ்ச்சியைக் காட்டுகின்றன. கிட்டங்கி ஒன்று, அதிலிருந்து சரக்கு எடுக்கும் கடைகள் பல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிட்சர் என்ற செயலி 2023 ஆகஸ்டில் மூடப்பட்டது. கூகிள் பாட்காஸ்ட்ஸ் 2018இல் வந்து 2024இல் நின்றுபோனது. தங்கள் ஃபீடைத் தங்கள் கையில் வைத்திருந்தவர்களுக்குக் கடைகளில் ஒன்று மூடியது, அவ்வளவுதான். ஒரே செயலிக்குள் மட்டும் குடியிருப்பவர்களின் நிலை, கட்டிடத்தை இடிக்கப்போவதாக உரிமையாளர் சொன்ன வாடகைக் கடைக்காரரின் நிலைதான்.

ஆகையால் ஹோஸ்டிங் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது இலவசமா என்பதற்கு முன், 'நான் வேறு இடத்துக்கு மாறினால் பழைய ஃபீடிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுவீர்களா?' என்று கேளுங்கள். மறுத்தால் அந்த இடம் வேண்டாம். அசல் பதிவுகளை உங்கள் ஹார்டு டிஸ்கிலும் வைத்திருங்கள். ஃபீடில் கொடுக்கும் மின்னஞ்சல் கடையின் பெயரில் இருக்க வேண்டும். நிகழ்ச்சி உங்களுடையதுதானா என்று சரிபார்க்க ஸ்பாட்டிஃபை அந்த மின்னஞ்சலுக்குத்தான் குறியீடு அனுப்புகிறது. கம்ப்யூட்டர் படிக்கும் அக்காள் மகன் தன் மின்னஞ்சலில் ஆரம்பித்துக் கொடுத்துவிட்டு வேலைக்கு வெளிநாடு போய்விட்டால், உங்கள் நிகழ்ச்சியின் சாவியும் அவரோடு போய்விடும்.

கேட்பவரைச் சேர்ப்பது

முதல் நூறு பேர் இணையத்திலிருந்து வரமாட்டார்கள். உங்கள் கடைக்கு வருகிறவர்கள்தான் அவர்கள். பில்லின் அடியில் புதுப் பதிவின் தலைப்பை அச்சிடலாம். க்யூ.ஆர். அட்டை ஒன்று ஒட்டலாம். ஆனால் பணம் செலுத்தும் க்யூ.ஆர். பக்கத்தில் ஒட்டாதீர்கள், குழப்பம் வரும். வயதானவர்களுக்கு அவர்களுடைய போனிலேயே ஒருமுறை போட்டுக் காட்டிவிடுவது சிறந்தது. தலைப்பு 'பதிவு 14' என்று இராமல், 'கறுத்த புளி கெட்ட புளியா?' என்பது போல இருந்தால் தேடுபவர் கண்ணில் படும்.

விளம்பர வருமானம் கொட்டும் என்று எண்ண வேண்டாம். சில நூறு பேர் கேட்கும் நிகழ்ச்சிக்கு அது பொருட்படுத்தக்கூடிய தொகையாக இராது. சரக்கு தரும் கம்பெனி பணமோ தள்ளுபடியோ கொடுத்துத் தன் பொருளைப் புகழச் சொல்லலாம். அப்படி ஏற்றுக்கொண்டால் அதைப் பதிவிலேயே சொல்லிவிட வேண்டும். 2022இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. எனவே 'கருப்பட்டி சாப்பிட்டால் சர்க்கரை நோய் தீரும்' போன்ற பேச்சுகள் அறவே கூடாது. முகப்பு இசைக்குச் சினிமாப் பாட்டையும் தொடாதீர்கள். காப்புரிமைச் சிக்கல் வரும். அடுத்த மாதம் பருப்பு விலை ஏறும் என்று ஆரூடமும் வேண்டாம். ஏறாவிட்டால் மூட்டையாக வாங்கி வைத்தவர் உங்களிடம்தான் வருவார்.

டவுன்லோடு எண்ணிக்கையைப் பார்த்துப் பூரிக்கவும் வேண்டாம், சோரவும் வேண்டாம். 2023 செப்டம்பரில் ஆப்பிள் தன் ஐ.ஓ.எஸ். 17இல், கேட்காத பதிவுகளைத் தானாக இறக்கிவைக்கும் முறையைக் குறைத்தவுடன் பெரிய நிகழ்ச்சிகள் பலவற்றின் கணக்கே சரிந்தது. கேட்பவர் குறையவில்லை, கேட்காமலே இறங்கிக்கொண்டிருந்தவை குறைந்தன. லோடு அனுப்பியது வேறு, விற்றது வேறு என்பது நமக்குத் தெரியாததா? கேள்விகள் எழுதும் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில், 'நீங்கள் பேசியதைக் கேட்டேன்' என்று கடைக்கு வந்து சொல்பவருக்காக ஒரு கோடு போட்டு வாருங்கள். ஆறு மாதம் கழித்து எண்ணிப் பார்த்து, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்துகொள்ளலாம்.