ஓடும் வண்டியில் கியர் பழுதானால்

காவிரியும் அதிலிருந்து பிரியும் குடமுருட்டியும் அணைத்துச் செல்லும் ஊர் நம் திருக்காட்டுப்பள்ளி. இங்கிருந்து கல்லணைக்குப் போனாலும், பூதலூர் ரயில் நிலையத்திற்குப் போனாலும், திருவையாற்றுக்கோ பூண்டி மாதா பேராலயத்திற்கோ போனாலும், ஆற்றுப் பாலமோ வாய்க்கால் மதகோ வழியில் குறுக்கிடும். ஒருபுறம் ஆறு, மறுபுறம் வயல் என்று அமைந்த குறுகிய கரைச்சாலைகளும் உண்டு. இந்தச் சாலைகளில் நம்மைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுபவை பெரும்பாலும் நம் தந்தையரின், அண்ணன்மாரின் மோட்டார் சைக்கிள்களே. உர மூட்டை ஏற்றுவதும் அவற்றில்தான். காய்ச்சல் கண்ட குழந்தையை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதும் அவற்றில்தான்.

அப்படிப் போகும்போது, பாலத்து மேட்டில், திடீரென்று என்ஜின் மட்டும் உறுமுகிறது; வண்டி இழுக்கவில்லை. அல்லது கியர் விழவில்லை. பின்னால் பேருந்து வந்துகொண்டிருக்கிறது. இந்த வேளையில் என்ன செய்ய வேண்டும்? ஓட்டுபவர் மட்டுமல்ல, பின்னால் அமர்ந்திருக்கும் நாமும் இதை அறிந்திருப்பது நல்லது.

முதலில் வண்டியின் அமைப்பைப் பார்ப்போம். என்ஜினில் பிறக்கும் சக்தி நேராகப் பின்சக்கரத்திற்குப் போவதில்லை. அது கிளட்ச், கியர்ப் பெட்டி, சங்கிலி என்னும் மூன்று இடங்களைக் கடந்து செல்கிறது. நம் பகுதியினருக்கு இதை விளக்குவது எளிது. என்ஜினை ஆறு என்று கொண்டால், கிளட்ச் என்பது மதகு. மதகை அடைத்தால் ஆறு ஓடிக்கொண்டிருந்தாலும் வாய்க்காலுக்குத் தண்ணீர் போகாது. அதுபோலவே, இடக்கைப் பிடியை அழுத்தினால் என்ஜின் ஓடும். சக்தி மட்டும் கியர்ப் பெட்டிக்குச் செல்லாது. பிடியை மெல்ல விட்டால் சக்தி மெல்லப் பாயும்.

கியர் எதற்கு? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 350 முறை சுற்றுகிறது. ஒரு சாதாரண 100 சி.சி. வண்டியில், கடைசிக் கியரில் என்ஜின் அதைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு சுற்றும். முதல் கியரிலோ சக்கரம் ஒரு முறை சுற்ற என்ஜின் முப்பது முறைக்கு மேல் சுற்ற வேண்டும். வேகம் குறைவு, இழுவிசை மிகுதி. அதனால்தான் புறப்படும்போதும் மேட்டில் ஏறும்போதும் சிறிய கியர் தேவைப்படுகிறது. மோட்டார் சைக்கிள் தோன்றிய தொடக்க காலத்தில் பல வண்டிகளுக்குக் கியரே இல்லை. தோல் பட்டைதான் சக்கரத்தைச் சுழற்றியது. மழையில் பட்டை வழுக்கும். மேட்டில் ஓட்டுபவர் இறங்கித் தள்ளுவார். 1880ஆம் ஆண்டில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் இங்கிலாந்தில் உருவாக்கிய உருளைச் சங்கிலியே பின்னர் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பொதுச்சொத்தாயிற்று.

நம் மாநிலத்திற்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. 1955ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை எழுந்தது. அங்கு உருவான பழைய புல்லட்டில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும். கியரைத் தேடித் தடுமாறாமலிருக்க அதில் ஒரு தனி நெம்புகோலும் உண்டு. கிளட்ச்சைப் பிடித்து அதை மிதித்தால், முதல் கியர் தவிர மற்ற கியர்களிலிருந்து வண்டி நேரே நியூட்ரலுக்கு வந்துவிடும். பின்னாளில் வந்த வண்டிகளில் கியர் இடது காலுக்கு மாறிவிட்டது. ஆனால் அவற்றிலும் ஒரே முறை இல்லை. ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் எல்லாக் கியர்களையும் முன்னால் மிதித்தே ஏற்ற வேண்டும். வேறு பல வண்டிகளில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றவை மேலே. ஆகவே அவசரத்திற்குப் பக்கத்து வீட்டாரின் வண்டியை இரவல் வாங்கிச் செல்பவர், கியரை ஏற்றுவதாக நினைத்து இறக்கிவிட நேரும். வேகமாக ஓடும்போது அப்படிச் செய்தால் பின்சக்கரம் வெட்டி இழுத்துச் சறுக்கும். வண்டி பழுதாகாமலே வரும் கியர்த் தொல்லை இது. புறப்படுமுன் நின்ற இடத்திலேயே கியர் வரிசையைக் கேட்டுத் தெரிந்துகொள்வதே இதற்கு மருந்து.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். கியர்ப் பழுதினால் வண்டி இழப்பது இழுவிசையை மட்டுமே. பிரேக்கும் ஹேண்டில்பாரும் கியர்ப் பெட்டியை நம்பி இல்லை. அவை முன்போலவே வேலை செய்யும். விபத்துக்குக் காரணமாவது பெரும்பாலும் பழுது அன்று. பழுது வந்ததும் ஓட்டுபவர் தலையைக் குனிந்து காலடியைப் பார்ப்பதும், கியரை ஓங்கி ஓங்கி மிதிப்பதும், நட்ட நடுச்சாலையில் நின்றுவிடுவதுமே. எனவே செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் விட்டுவிட வேண்டும். இரண்டாவது, கிளட்ச்சைப் பிடித்து, இடப்புற விளக்கைப் போட்டோ கையால் சைகை காட்டியோ, இரண்டு பிரேக்குகளையும் சீராக அழுத்தி வண்டியை இடப்புறம் ஒதுக்க வேண்டும். மூன்றாவது, பாலத்தின் மேலோ வளைவிலோ நிறுத்தாமல், வேகம் மிச்சமிருக்கும்போதே அதைக் கடந்து, பிறர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். நான்காவது, என்ஜினை நிறுத்திய பிறகே காரணத்தை ஆராய வேண்டும்.

பின்னால் இருக்கும் நமக்கும் கடமை உண்டு. பயந்து குதிக்கக் கூடாது. காலைத் தரையில் ஊன்ற முயலக் கூடாது. ஓட்டுபவரின் தோளைப் பிடித்து இழுக்காமல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். வண்டி நின்றதும் சாலைப்பக்கம் இறங்காமல் ஓரத்துப் பக்கமாக இறங்க வேண்டும்.

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் உழவர் என்ன செய்கிறார்? மதகிலிருந்து தொடங்கி வாய்க்கால் வழியே நடந்து, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்கிறார். நாமும் அவ்வாறே கிளட்ச்சிலிருந்து சங்கிலி வரை வரிசையாகப் பார்ப்போம்.

கிளட்ச் பிடி தொளதொளவென்று கைக்கு வந்துவிட்டால் கேபிள் அறுந்துவிட்டது என்று பொருள். ஓடும்போது இப்படி நேர்ந்தால், ஆக்ஸிலரேட்டரை விட்ட அந்த நொடியில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளப் பார்க்கலாம். முடியாவிட்டால் என்ஜினை நிறுத்தும் பொத்தானை அழுத்தி, பிரேக் பிடித்து நிற்க வேண்டும். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கும், அவ்வளவே. தேர்ந்த மெக்கானிக்குகள் கிளட்ச் இல்லாமலே கியர் மாற்றி வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் செல்வதுண்டு. கடைத்தெருவிலும், பின்னால் ஆள் இருக்கும்போதும் அது வேண்டாத வேலை. கேபிள் ஒரே நாளில் அறுவதில்லை. ஒவ்வொரு கம்பி இழையாகத்தான் அறுகிறது. பிடி கடினமாவதும் முனையில் இழைகள் பிரிந்து நிற்பதும் முன்னெச்சரிக்கைகள். பழைய புல்லட்காரர்கள் மாற்றுக் கேபிள் ஒன்றை வண்டியிலேயே வைத்திருப்பார்கள்.

என்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. பளு ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏறும்போதுதான் இது முதலில் தெரியும். தகடுகள் தேய்ந்திருக்கலாம், அல்லது கேபிள் மிகவும் இறுக்கமாக இருக்கலாம். சாதாரண வண்டிகளில் பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்க வேண்டும். எப்போதும் பிடியில் விரலை அழுத்தி வைத்தே ஓட்டும் பழக்கமும் தகடுகளைத் தின்றுவிடும். இவ்வாறு ஆனால் மூட்டையை இறக்கிவிட்டு, ஆளையும் இறக்கிவிட்டு, மெல்ல ஓட்டிப் பட்டறை சேர்வதே வழி.

கியர் நெம்புகோல் மேலும் கீழும் ஆடுகிறது, கியர் மட்டும் மாறவில்லை என்றால், அதைத் தண்டோடு பிணைக்கும் போல்ட் தளர்ந்திருக்கும். ஒரு ஸ்பேனர் போதும். மாறாக, விழுந்த கியர் தானாக நழுவிக்கொண்டே இருந்தால் கோளாறு பெட்டிக்குள்ளே. பற்சக்கரங்களைக் கோத்துப் பிடிக்கும் முனைகள் தேய்ந்து மழுங்கிவிட்டன. நழுவியதும் வேகத்தில் சிறிய கியரை ஓங்கி மிதிக்கக் கூடாது. கிளட்ச்சைப் பிடித்து வேகத்தைக் குறைத்த பின்பே கியரைப் போட வேண்டும். இதைச் சாலையோரத்தில் சரிசெய்ய இயலாது. என்ஜினைப் பிரித்தே பார்க்க வேண்டும். நின்ற வண்டியில் கியர் விழாவிட்டால் அது எப்போதும் பழுதன்று. பற்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கலாம். கிளட்ச்சைப் பிடித்து வண்டியைச் சற்றே முன்னும் பின்னும் உருட்டினால் விழுந்துவிடும்.

கடைசியாகச் சங்கிலி. பழுதுகளில் அதிகம் அஞ்ச வேண்டியது இதுவே. அறுந்து கீழே விழுந்தால் வண்டி வெறுமனே நின்றுவிடும். ஆனால் கழன்று பற்சக்கரத்தில் சிக்கிக்கொண்டால் பின்சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்ளும். அப்போது ஹேண்டில்பாரை நேராகப் பிடித்து, முன்பிரேக்கை மெதுவாக அழுத்தி நிற்க வேண்டும், வளைக்கக் கூடாது. பெரும்பாலான சிறிய வண்டிகளில் சங்கிலி நடுவில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஏறி இறங்கலாம். அதற்கு மேல் தொங்கினால் கழலும். மிகவும் இறுக்கினால் அறும். சங்கிலியைப் பூட்டும் கிளிப்பின் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும் என்பதையும் மெக்கானிக் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றை வீட்டிலுள்ள அனைவரும் மனத்தில் பதிக்க வேண்டும்: என்ஜின் ஓடும்போது சங்கிலியைத் துணியால் துடைக்கவோ விரலால் தொடவோ கூடாது. துணியோடு விரலையும் பற்சக்கரம் இழுத்துக்கொள்ளும். என்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றியே துடைக்க வேண்டும்.

நம் பகுதிக்கென்று சில கேடுகள் உள்ளன. அறுவடைக் காலத்தில் சாலையில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் ஓடினால் வைக்கோல் சங்கிலியிலும் அச்சிலும் கயிறாகச் சுற்றிக்கொள்ளும். நடவுக் காலத்துச் சேறு சங்கிலியில் காய்ந்து அரம்போல் தேய்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ள நீரில் இறங்கிய வண்டியின் ஆயில் காபி போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துள்ளது என்று அறியலாம். இன்றைய சாதாரண வண்டிகளில் என்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் அந்த ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆயிலே காவல். அது கெட்டால் மூன்றும் கெடும்.

ஸ்கூட்டர் ஓட்டும் தாய்மாருக்கும் ஒரு சொல். 1980இல் ஓசூரில் உருவாகத் தொடங்கிய டி.வி.எஸ். மொபெட்டில் கியர் இல்லை. என்ஜின் வேகமாகச் சுற்றும்போது தானே விரிந்து பிடிக்கும் கிளட்ச் உண்டு. இக்காலப் பெட்ரோல் ஸ்கூட்டர்களில் அத்துடன் ரப்பர் பெல்ட் ஒன்றும் சேர்ந்து, வேகத்திற்கேற்பத் தானாகவே விகிதத்தை மாற்றுகிறது. பெல்ட் அறுந்தால் என்ஜின் உறுமும், வண்டி நகராது. சாலையில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஒதுக்கி நிறுத்தி, தள்ளிச் செல்ல வேண்டியதுதான்.

தோழியரே, சங்கிலியும் சக்கரமும் நம்மை நேரடியாகத் தொடும் இடம் ஒன்றுண்டு. அது நம் தாவணியும் துப்பட்டாவும் அன்னையரின் சேலைத் தலைப்பும். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைத்து, பின்னால் அமர்பவரின் ஆடை சிக்காமல் காக்கும் தடுப்பு, கைப்பிடி, கால்வைப்பான் ஆகியவை மோட்டார் சைக்கிளில் இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி கூறுகிறது. அழகு கெடுகிறது என்று அந்தத் தடுப்பைக் கழற்றி வைத்திருக்கும் அண்ணன்மாரிடம் இதை எடுத்துச் சொல்வோம். ஏறி அமர்ந்ததும் துப்பட்டாவை முன்னால் முடிந்துகொள்வோம். தலைக்கவசம் ஓட்டுபவருக்கு மட்டும் உரியதன்று; நமக்கும் உரியதே.

கியர் வண்டி ஓட்ட 18 வயது நிறைந்து உரிமம் பெற வேண்டும் என்பது சட்டம். ஓட்டுவதற்குத்தான் வயது வேண்டும், அறிந்துகொள்வதற்கு வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தந்தையார் வண்டியைத் துடைக்கும்போது அருகில் உட்கார்ந்து, கேபிளின் முனையையும் சங்கிலியின் தளர்வையும் ஆயிலின் நிறத்தையும் பார்க்கக் கற்போம். திங்கட்கிழமை காலையில் பாலத்து மேட்டில் நாம் அனைவரும் பத்திரமாக இருக்க அந்தக் கால்மணி நேரம் உதவும்.