சூரியன் மார்கழியிலேயே திரும்பிவிடுகிறது... பொங்கல் ஏன் 24 நாள் கழித்து? தூத்துக்குடி உப்பளம் சொல்லும் பதில்

தூத்துக்குடியில் டிசம்பர் 21-ம் தேதி பகல் நேரம் எவ்வளவு தெரியுமா? சுமார் 11 மணி 37 நிமிடம்தான். ஆண்டிலேயே பகல் குறைவான நாட்கள் டிசம்பர் 21, 22. அப்போதுதான் தெற்கே போன சூரியன் வடக்கே திரும்புகிறது. ஆனால், உத்தராயணம் பிறந்ததாக நாம் பொங்கல் வைப்பது தை 1-ம் தேதி. ஏன் இந்த 24 நாள் வித்தியாசம்?

சீனாவில் என்ன கணக்கு?

சீன நாட்காட்டி ஆண்டை 24 சூரியப் பருவங்களாகப் பிரிக்கிறது. 2016-ல் யுனெஸ்கோ இந்த முறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சூரியன் திரும்பும் நாளுக்கு அங்கே 'டோங்ஷி' என்று பெயர். அன்று பெய்ஜிங்கில் பகல் 9 மணி 20 நிமிடம்தான்.

நம்ம பஞ்சாங்கம் தப்பா?

தப்பில்லை. அளவுகோல்தான் வேறு. சீனக் கணக்கு பருவத்தைப் பார்க்கிறது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து, சூரியன் மகர ராசிக்குள் நுழைவதைப் பார்க்கிறது. பூமியின் அச்சு பம்பரம் போலத் தள்ளாடுவதால், இரண்டுக்கும் நடுவே சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் இடைவெளி கூடுகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் ஒரே நாளில் வந்தன.

சூரியன் திரும்பினால் பருவமும் மாறுமா?

உடனே மாறாது. சீனாவில் 'கடும் குளிர்' எனப்படும் தாஹான் பருவம் வருவதே ஜனவரி 20 வாக்கில்தான். தூத்துக்குடியிலும் டிசம்பர் மழை மாதம். 2023 டிசம்பர் 22-ல் சூரியன் திரும்பியது. அதற்குச் சில நாள் முன்புதான், 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் மாவட்டமே மூழ்கியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கொட்டியது சுமார் 95 செ.மீ.!

உப்பளத்துக்கு எது முக்கியம்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத்தில் வேலை இருக்காது. இந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. மழை ஓய்ந்து, ஜனவரியில் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்கினால்தான் மறுபடியும் கூலி. சூரியன் மார்கழியிலேயே திரும்பினாலும், உப்பளத்துக்காரர்களுக்கு வழி பிறப்பது என்னவோ தையில்தான்!