புதியவருக்கு எந்த நாய்? பழகியவருக்கு எந்த நாய்?

ஜெர்மனி நாட்டில் அபோல்டா என்று ஓர் ஊர் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் அந்த ஊரில் வரி வசூலிப்பவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் லூயி டாபர்மேன்.

வரி கேட்டு வருகிறவரை யாருக்குத்தான் பிடிக்கும்? போதாக்குறைக்கு அவர் பையில் எப்போதும் பணம் இருக்கும். வழியிலே திருடர் பயம். துணைக்கு ஒரு துணிச்சலான நாய் வேண்டும் என்று அவர் நினைத்தார்.

ஊரில் அலையும் நாய்களைப் பிடித்து அடைக்கும் பட்டியும் அவர் பொறுப்பில்தான் இருந்ததாகச் சொல்வார்கள். அதனால் பல வகை நாய்கள் அவர் கைக்கு வந்தன. தைரியமான நாய்களை அவர் பொறுக்கி எடுத்தார். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் புதிய இனம் ஒன்றை உண்டாக்கினார்.

1894-ல் அவர் இறந்து போனார். நாய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இன்று பெரிய பங்களாக்களின் வாசலில் நிற்கிறதே, அந்த டாபர்மேன் நாய்தான் அது!

இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது.

அந்நியரைச் சந்தேகப்பட வேண்டும். எஜமானரைக் காப்பாற்ற வேண்டும். அதற்கென்றே உண்டாக்கப்பட்ட நாய் அது. வரி வசூலித்தவர் போய்விட்டார். ஆனால் அவர் கொடுத்த வேலை அந்த நாயின் இரத்தத்தில் இன்னும் ஊறிக் கிடக்கிறது.

நாய் வாங்கப் போகிறவர்கள், "எந்த நாய் அழகு? என்ன விலை?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

"இந்த நாய் எந்த வேலைக்காகப் பிறந்தது?" என்பது முதல் கேள்வி.

"இதை நடத்தும் பழக்கம் நம் வீட்டில் யாருக்காவது உண்டா?" என்பது இரண்டாவது கேள்வி.

இந்த இரண்டையும் கேட்காமல் வாங்குவதால்தான் பல வீடுகளில் தொல்லை வருகிறது. ஆசையாக வாங்கிய நாய் ஆறே மாதத்தில் நடுத்தெருவுக்கு வருகிறது. சில வீடுகளில் குழந்தை கடிபடுகிறது.

புதிதாக வளர்ப்பவருக்கு

முதல் முதலாக நாய் வளர்க்கிறவருக்கு, தவறு செய்தாலும் பொறுத்துக்கொள்கிற நாய் வேண்டும்.

இதற்குப் பெயர் போனது லாப்ரடார். கனடாவின் கிழக்கே உள்ள நியூபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களுக்கு உதவியாக இருந்த நாய்களின் வழியில் வந்தது இது. வலையை இழுக்கும். தப்பி ஓடும் மீனைக் கவ்விக் கொண்டுவரும். மனிதரோடு சேர்ந்து வேலை செய்வதில் அதற்குத் தனி ஆசை. பார்வையற்றவர்களுக்கு வழி காட்டும் பணிக்கு இந்த இனத்தை அதிகம் பழக்குவதும் அதனால்தான்.

ஆனால் லாப்ரடாருக்கு ஒரு குறை உண்டு. எவ்வளவு போட்டாலும் சாப்பிடும்! பல லாப்ரடார் நாய்களுக்குப் பசி அடங்காமல் இருப்பதற்குப் பரம்பரைக் கூறு ஒன்று காரணம் என்று கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் 2016-ல் கண்டுபிடித்தார்கள். எனவே அது கெஞ்சுகிறதே என்று போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. உடம்பு பெருத்தால் மூட்டு கெடும். தினமும் நடக்க வைக்க வேண்டும்.

சின்ன வீட்டில் இருப்பவர்கள் ஸ்பிட்ஸ் நாய் வளர்க்கலாம். நம் ஊரில் "பொமரேனியன்" என்று சொல்லி விற்கப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்திய ஸ்பிட்ஸ்தான். நம் நாட்டுச் சூழலுக்குப் பழகியது. யார் வந்தாலும் குரைக்கும். அந்தச் சத்தத்தை அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்வார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாட்டு நாயை மறந்துவிடக் கூடாது. தெருவில் பிறந்த குட்டியை எடுத்து, ஊசி போட்டு, அன்பாக வளர்த்தால் அது எந்த விலை உயர்ந்த நாய்க்கும் இளைத்தது அல்ல. வெயில் தாங்கும். வீட்டுச் சோற்றோடு முட்டை, இறைச்சி கலந்து கொடுத்தால் போதும். வேலை இல்லாதவரும் வளர்க்கலாம், வேலைக்குப் போகிறவரும் வளர்க்கலாம்.

கொஞ்சம் பழக்கம் உள்ளவருக்கு

ஒரு நாயை வளர்த்து, "உட்கார்", "வா", "நில்" என்று சொன்னால் கேட்கும்படி பழக்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

அந்தப் படியில் நிற்கும் நாய் அல்சேஷியன். இதை 1899-ல் ஜெர்மனியில் தனி இனமாக நிலைநிறுத்தியவர் மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ் என்ற ராணுவ அதிகாரி. இதன் உண்மைப் பெயர் ஜெர்மன் ஷெப்பர்ட். அதாவது, ஆடு மேய்க்கும் ஜெர்மன் நாய்! முதல் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்துக்காரர்களுக்கு ஜெர்மனியின் பெயரே கசந்தது. அதனால் "அல்சேஷியன்" என்று பெயரை மாற்றினார்கள். பழைய பெயர் அங்கே 1977-ல் திரும்பி வந்தது. நம் ஊரில் மட்டும் அல்சேஷியன் என்ற பெயர் போகவில்லை.

ஆட்டு மந்தையை நாள் முழுவதும் காத்த நாய் இது. உடம்புக்கும் வேலை வேண்டும், மூளைக்கும் வேலை வேண்டும். சங்கிலியில் கட்டிப் போட்டால் அதன் குணம் கெட்டுவிடும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் இதை வாங்காமல் இருப்பதே நல்லது.

நன்றாகப் பழகியவருக்கு மட்டும்

டாபர்மேன், ராட்வைலர் போன்ற நாய்கள் புதியவர் கைக்கு ஏற்றவை அல்ல.

ராட்வைல் என்பது ஜெர்மனியில் ஓர் ஊர். அங்கே இந்த நாய்கள் மாடுகளை ஓட்டிச் செல்லும்; கசாப்புக் கடைக்காரர்களின் இறைச்சி வண்டியை இழுக்கும். மாட்டையே மிரட்டிய நாய்! அதன் பலம் அப்படி.

இந்த நாய்கள் கெட்டவை அல்ல. ஆனால் எஜமானர் உறுதியாகவும் நிதானமாகவும் இல்லாவிட்டால், வீட்டை அவை நடத்த ஆரம்பித்துவிடும். அடித்தால் அடங்கும் என்று நினைப்பது பெரிய தவறு. அடிபட்ட நாய் பயப்படும். பயந்த நாய்தான் கடிக்கும்.

வீட்டில் உள்ள எல்லோராலும் அதைப் பிடித்து நிறுத்த முடிய வேண்டும். தாத்தாவின் கையிலிருந்து சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடும் நாய், தெருவுக்கே ஆபத்து.

நம் சீமை நாய்கள்

தமிழ்நாட்டுக்கும் பெயர் சொல்லும் நாய்கள் உண்டு.

விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் நாய் பால் போன்ற வெள்ளை நிறம். மூக்கு இளஞ்சிவப்பு. 2005-ல் இந்தியத் தபால் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று!

சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள் கொண்டவை. முயல் வேட்டைக்குப் பெயர் போனவை. தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் செந்நிறம், முகம் கறுப்பு. காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் வளர்த்தார்கள்.

2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் இந்த நான்கையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். அதைக் கேட்டுப் பலருக்கு ஆசை வந்தது. ஆசைப்படுவது நல்லது. ஆனால் யோசிக்க வேண்டும்.

ராஜபாளையம் நாய் தன்னை வளர்ப்பவரிடம் உயிராக இருக்கும். அந்நியர் தொட்டால் பிடிக்காது. நண்பரும் உறவினரும் ஓயாமல் வந்து போகும் வீட்டில், முன் பழக்கம் இல்லாதவர் இதை வளர்ப்பது கஷ்டம். இந்த இனத்தில் சில குட்டிகள் காது கேளாமல் பிறப்பதும் உண்டு. குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் வீட்டில் சாதுவாகவே இருக்கும். ஆனால் கண் முன்னே ஏதாவது ஓடினால் போதும், அம்பு போலப் பாயும்! கோழியா, பூனையா, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியா என்று பார்க்காது. நாலு புறமும் சுவர் வைத்த இடம் வேண்டும். சாலையில் கயிற்றை விடவே கூடாது. முயல் வேட்டை இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேட்டைக்குப் பதிலாக ஓட்டமும் விளையாட்டும் கொடுக்க வேண்டும்.

கோம்பை, காவல் நாய் வளர்த்துப் பழகியவருக்குத்தான்.

வெயிலையும் பார்க்க வேண்டும்

1925-ம் ஆண்டு. அலாஸ்காவின் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் இருந்தது. எங்கும் உறைபனி. நாய்கள் இழுத்த பனிவண்டிகளில் 20 பேர் கை மாற்றி, ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்!

அந்தப் பனி வீரர்களின் இனம்தான் சைபீரிய ஹஸ்கி. அதைச் சென்னையிலும் மதுரையிலும் மாடி வீட்டில் வளர்க்கிறார்கள். பனிக்காகக் கிடைத்த கம்பளி ரோமத்தோடு அது சித்திரை வெயிலில் என்ன செய்யும்?

நாய்க்கு மனிதனைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சப்பை மூக்கு உள்ள பக் நாய்க்கு அந்த மூச்சே சரியாக வராது. பக் சாதுவான நாய்தான், புதியவரும் வளர்க்கலாம். ஆனால் உச்சி வெயிலில் நடத்திச் சென்றால் உயிருக்கே ஆபத்து.

இனம் மட்டும் போதுமா?

போதாது. அமெரிக்காவில் 18 ஆயிரத்துக்கும் அதிகமான நாய்களை ஆராய்ந்து 2022-ல் ஒரு முடிவு சொன்னார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில், இனத்தால் வருவது நூற்றுக்கு 9 பங்குதானாம்! மற்றவை தனி நாயின் சுபாவம், வளர்ப்பு, சுற்றுப்புறம் முதலியவற்றால் வருபவை.

அதனால் இனத்தைக் கேட்டுவிட்டு, குட்டியையும் பார்க்க வேண்டும். தாய் நாயைக் காட்டச் சொல்ல வேண்டும். தாய் சீறினால் குட்டி வேண்டாம். மூலையில் ஒடுங்கும் குட்டியும் வேண்டாம். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முந்தும் குட்டியும் புதியவருக்கு வேண்டாம். கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வரும் நடுத்தரக் குட்டியே நல்லது.

எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசு விதி சொல்கிறது. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்கும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை அது கற்கிறது.

மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரை குட்டியின் மனம் பசுமண் மாதிரி. அந்த வயதில் குழந்தைகள், முதியவர்கள், குடை பிடித்தவர், சைக்கிளில் வருபவர் என்று எல்லோரையும் அது பார்க்க வேண்டும். பார்த்துப் பழகியதற்கு அது பயப்படாது.

குழந்தையும் நாயும்

எந்த நாயாக இருந்தாலும், சின்னக் குழந்தையையும் நாயையும் தனியே விட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போகக் கூடாது. சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் தொடக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்லித் தர வேண்டும்.

மூன்று மாதக் குட்டிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பு ஊசி போட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் தவறாமல் மறுபடி போட வேண்டும்.

நாய் கடித்துவிட்டால், குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, புண்ணை 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "நம் வீட்டு நாய்தானே" என்று சும்மா இருக்கக் கூடாது. வெறி நோய் தலைகாட்டிய பிறகு பிழைப்பவர் அநேகமாக இல்லை. ஆனால் காலத்தில் ஊசி போட்டுக்கொண்டால் தப்பிவிடலாம்.

வாங்குமுன் ஒரு கணக்கு

நாய் பத்து முதல் பதினான்கு வருடம் வாழும். இன்று ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பையன் கல்லூரிக்குப் போகும் வரை அது வீட்டில் இருக்கும்.

அத்தனை வருடமும் தினமும் நடத்திச் செல்வது யார்? ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்வது யார்? மருத்துவச் செலவுக்குப் பணம் எங்கே? வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். நகரத்தில் இருப்பவர்கள் உரிமம் வாங்க வேண்டுமா என்று மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தால், குட்டியைத் தேடிப் போகலாம். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும், அந்தப் பதில் கிடைக்கும் வரை பொறுத்திருப்பதே வீட்டுக்கும் நல்லது, நாய்க்கும் நல்லது.