விமானி படிப்பு: செலவு எங்கே, வரவு எப்போது?

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்பது அந்தந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்காக அரசுப் பணத்தில் நடக்கும் இரண்டாண்டுக் கல்லூரி. உள்ளூர் மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் சராசரியாக 4,000 டாலர்தான். ஒஹாயோவில் சின்க்ளேர், கலிஃபோர்னியாவில் மவுண்ட் சான் அன்டோனியோ, ஃப்ளோரிடாவில் மயாமி டேட் என்று பல கல்லூரிகளில் விமானத் துறைப் படிப்பு இருக்கிறது. இந்தக் காசில் பைலட் ஆகிவிடலாமா என்றால், முடியாது. 4,000 டாலர் வகுப்பறைக்கு மட்டும். பறப்பதற்குத் தனிக் கணக்கு.

பயிற்சி விமானத்தில் ஹாப்ஸ் மீட்டர் என்று சின்னதாக ஒரு கருவி இருக்கும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அதுவும் ஓடும். ஓடுபாதைக்கு முன்னால் அனுமதிக்காகக் காத்து நின்றாலும் நிற்காது. அது காட்டும் நேரத்துக்குத்தான் பில். எரிபொருளோடு சேர்த்து மணிக்குச் சுமார் 150 முதல் 200 டாலர்; பக்கத்தில் உட்காரும் ஆசிரியருக்கு இன்னும் 60, 70 டாலர். கமர்ஷியல் உரிமத்துக்குப் பொதுவாக 250 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பார்ட் 141 விதிப்படி அங்கீகாரம் பெற்ற பள்ளியில் 190 போதும். 250 மணி நேரத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் 50,000 டாலர் அளவுக்கு வந்துவிடும்.

அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். முதல் படியான பிரைவேட் உரிமத்துக்கு விதி கேட்பது 35, 40 மணி நேரம்; நடைமுறையில் பலருக்கு 60, 70 ஆகிறது. மழை, மேகம், பழுதுக்குப் போன விமானம் என்று இரண்டு வாரம் பறக்காமல் விட்டால் போன பாடத்தையே திரும்பப் படிக்க வேண்டும், திரும்பப் பணமும் கட்ட வேண்டும். ஆகவே கல்லூரியில் போய் ‘ஃபீஸ் எவ்வளவு’ என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். போன ஆண்டு முடித்தவர்கள் எத்தனை மணி நேரத்தில் முடித்தார்கள், எத்தனை மாணவருக்கு எத்தனை விமானம், தேர்வு நாள் கிடைக்க எத்தனை வாரம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் நான் பணம் கட்ட மாட்டேன்.

கடன் விஷயத்திலும் கவனம் தேவை. பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு மத்திய அரசின் கல்விக் கடன் முதல் ஆண்டு 5,500 டாலர், இரண்டாம் ஆண்டு 6,500 டாலர், அவ்வளவுதான். வருமானம் குறைந்த குடும்பமானால் பெல் உதவித்தொகை ஆண்டுக்கு 7,395 டாலர் வரை கிடைக்கலாம். மீதிக்குப் பலர் வாங்குவது தனியார் கடன். அதில் பெரும்பாலும் பெற்றோர் கையெழுத்தும் போட வேண்டியிருக்கும். பிள்ளை பாதியில் நிறுத்தினாலும் கடன் நிற்காது. ராணுவத்தில் இருந்து வந்தவர்களுக்கு நிலைமையே வேறு. பொதுக் கல்லூரிப் பட்டத்தின் பகுதியாக இருந்தால் பறக்கும் செலவையும் ஜி.ஐ. பில் என்ற முன்னாள் ராணுவத்தினருக்கான கல்வி உதவி ஏற்கும்.

சரி, பட்டத்தால் என்ன லாபம்? 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த சட்டத்தால், பயணிகள் விமானத்தில் துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் தேவையாயிற்று. விமானத் துறையில் நான்காண்டுப் பட்டம் பெற்றவருக்கு 1,000, இரண்டாண்டுப் பட்டம் பெற்றவருக்கு 1,250 என்று சலுகை உண்டு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பட்டம் மட்டும் போதாது. அந்தக் கல்லூரிக்கு அமெரிக்க விமானத் துறை ஆணையமான எஃப்.ஏ.ஏ. எழுத்தில் அனுமதி தந்திருக்க வேண்டும், பறக்கும் பயிற்சியும் அதன் வழியாகவே நடந்திருக்க வேண்டும். செலவு குறையும் என்று வெளியே வேறொரு பள்ளியில் பறந்தால் சலுகை போய்விடலாம்.

இரண்டாண்டுப் பட்டத்தால் மிச்சமாகும் 250 மணி நேரம் என்பது பயிற்சி ஆசிரியராகப் பறந்து மணி சேர்ப்பவருக்கு நான்கைந்து மாதம். அற்பமாகத் தோன்றும். ஆனால் ஏர்லைனில் விமானம், வழித்தடம், விடுமுறை, ஆட்குறைப்பு எல்லாமே சேர்ந்த தேதி வரிசைப்படிதான். நான்கு மாதம் முந்தியவர் ஓய்வு பெறும் 65 வயது வரை முந்தியவரே. 2022-ல் டெல்டா நான்காண்டுப் பட்டம் கட்டாயம் என்ற விதியை எடுத்துவிட்டது. இரண்டாண்டுப் பட்டத்துக்கு அது பெரிய வாசல். சிறு ஏர்லைன்களில் தொடக்கச் சம்பளமும் அதே ஆண்டில் மணிக்கு 90 டாலர் அளவுக்கு ஏறியது. ஆனால் ஆள் எடுப்பது அலை அலையாகத்தான் நடக்கிறது. 2022, 2023-ல் வேகமாக எடுத்த நிறுவனங்கள் 2024-ல் குறைத்துக்கொண்டன. கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டே ஓரிரு ஆண்டு காத்திருக்க முடியுமா என்று குடும்பம் முன்பே பேசிவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் இருந்து போகும் மாணவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. உள்ளூர்க் கட்டணம் இல்லை, பெல் உதவி இல்லை, வேலை செய்யும் அனுமதி இல்லாமல் அங்கே ஏர்லைன் வேலையும் இல்லை. திரும்பி வந்தால் இந்திய விமானத் துறை இயக்ககமான டி.ஜி.சி.ஏ.வின் தேர்வு எழுதி உரிமத்தை மாற்ற வேண்டும்.

யாரானாலும், ஒரு டாலர் கட்டுவதற்கு முன் எஃப்.ஏ.ஏ. மருத்துவரிடம் முதல் வகுப்புச் சான்று வாங்கிவிடுங்கள். சில நூறு டாலருக்குள் முடியும். நிறப் பார்வைக் குறை, மனச்சோர்வுக்கு எடுத்த மருந்து போன்றவை அங்கேதான் தெரிய வரும்; படித்து முடித்த பிறகு தெரிந்தால் கடன்தான் மிஞ்சும். சான்று கிடைக்காத பிள்ளைக்கும், கடன் வாங்க மனமில்லாத பிள்ளைக்கும் பல கம்யூனிட்டி காலேஜ்களில் இன்னொரு படிப்பு இருக்கிறது: விமான மெக்கானிக். ஹாப்ஸ் மீட்டர் ஓடாததால் செலவு பெரும்பாலும் கல்லூரிக் கட்டணமும் சொந்தக் கருவிப் பெட்டியும்தான். இரவு ஷிஃப்ட் உண்டு, கை கறுக்கும். 2023-ல் அந்த வேலையின் இடைநிலைச் சம்பளம் சுமார் 75,000 டாலர். அந்த உரிமத்துக்கு எஃப்.ஏ.ஏ. மருத்துவச் சான்று கேட்பதே இல்லை.