பிடுங்காமல் அறுத்த கொள்ளு

பருவமழை தாமதித்து, நிலக்கடலைக்கும் சாமைக்கும் பட்டம் தவறிப்போன பிறகும், புரட்டாசிக் கடைசியில் ஓர் உழவு மழை விழுந்தால் போதுமென்று தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிரதேசத்து மானாவாரிக் குடியானவர் துணிந்து விதைக்கும் பயிர் கொள்ளுதான். தெற்கத்தியார் அதையே காணம் என்பார்கள். ஏக்கருக்கு 8 கிலோ விதையைத் தூவி உழுது மூடிவிட்டால், மண்ணில் தங்கிய ஈரத்தைக் கொண்டே கொடியோடி, ஏறத்தாழ 110 நாளில் அது விளைந்துவிடும். பனியிலேயே விளையும் என்று கிராமத்தார் சொல்வது சற்று மிகைதான் என்றாலும், அதன் சுபாவம் அறிந்தவர்கள் அந்த மிகையை மன்னித்துவிடுவார்கள்.

பட்டணத்தில் கொள்ளென்றால் உடம்பை இளைக்கவைக்கும் கஞ்சி என்பதோடு ஞானம் நின்றுவிடுகிறது. அதன் 100 கிராமில் 22 கிராம் அளவுக்குப் புரதம் உண்டென்பது மெய்யே. ஆனால் என் அபிப்பிராயத்தில், அதன் மகிமையில் பாதி கொடியிலும் வேரிலும் இருக்கிறது. பூக்கும் தருணத்தில் ஒரு செடியை மண்ணோடு கெல்லியெடுத்துத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரில் கடுகு போன்ற சிறு முடிச்சுகள் தென்படும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே சிவந்திருக்கும். நம் இரத்தத்துக்கு நிறம் தரும் பொருளுக்கு நெருங்கிய உறவான ஒன்று அங்கே இருப்பதே அதற்குக் காரணம். அம்முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர், செடி ஊட்டும் சர்க்கரையை உண்டு, அதற்குப் பிரதியாகக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கித் தருகிறது. உள்ளே சிவப்பு மாறிப் பச்சையோடியிருந்தால், அந்த முடிச்சின் வேலை முடிந்துவிட்டதென்று அறியலாம்.

பயறு விதைத்தாலே மண் வளமாகிவிடும் என்று பிரசங்கம் செய்வோர் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. பிடித்த நைட்ரஜனில் பெரும்பகுதி இலைக்கும் மணிக்கும் ஏறிவிடுகிறது. காய் முற்றியதும் செடியை வேரோடு பிடுங்கிக் களத்தில் அடித்து, மணியோடு பொட்டையும் கொடியையும் விலைக்குப் போட்டுவிட்டால், காட்டுக்கு மிஞ்சுவது சொற்பமே. அரிவாளால் அறுத்து வேரை மண்ணிலேயே விட்டு, கொடியையும் பொட்டையும் சொந்த மாட்டுக்குப் போட்டு, அதன் சாணத்தை எருக்குழி வழியாக அதே காட்டில் சேர்ப்பவருக்கே பூரணப் பிரயோஜனம் கிட்டும்.

பூக்கும்போதே மடக்கி உழுதுவிட்டால் மண்ணுக்கு இன்னும் அதிக லாபம், வாஸ்தவம். ஆனால் கட்டுத்தறியில் கறவை மாடு கன்றோடு நிற்க, பச்சைக் கொள்ளின்மேல் ஏரோட்ட மனம் வருகிற குடியானவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.